வளையி ராத்தாவும் ரேடியோ ஜின்னும்

கல்முனையிலிருந்து ஒலுவில் வரைக்கும் நீளும் எங்கள் கரையோரத்தில், அடிமட்டம் வாங்கப் போகும்போது வீட்டிலிருந்த அடிமட்டத்தையும் கொண்டுபோய், புதியதை அதனால் அளந்து பார்த்த ஒரே மனுஷி வளையி ராத்தாதான். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. "இதில எது சரி?" என்று புத்தகக் கடைக்காரர் கேட்டார்.

"ரெண்டும் சரியில்ல. ஆனா பழசு எவ்வளவு பிழை எண்டு எனக்குத் தெரியும். அதால அதையே வெச்சிக்கிறன்" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தார். கடைக்காரர் அன்று முழுக்கத் தன்னிடமிருந்த அடிமட்டங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

அக்கா முறையில் ராத்தா என்று நாங்கள் கூப்பிட்ட அவருக்கு அழகான சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை அடையாள அட்டையும் தபால்காரரும் மட்டும் பயன்படுத்தினார்கள். வளையி என்ற பட்டத்தை வைத்தவள் நான். பள்ளிக்கூடத்தில் கணித பாடத்தில் 'வளையியை வரைக' என்று ஒரு கேள்வி வரும். நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் மனம் மாறி வளைந்து போகுமே, அதுதான். ராத்தாவின் கொப்பிகளைத் திறந்தால் அந்தக் கோடுகள்தான் இருக்கும். பட்டத்தைக் கேள்விப்பட்டு அவர் கோபிக்கவில்லை. "நல்ல பேர் புள்ள. நேர்கோடு எண்டு வெச்சிருந்தாத்தான் கோவம் வந்திருக்கும்" என்றார்.

நான் அப்போது எங்கள் ஊர்ப் படகுக்காரர் சங்கத்தில் கிளாக். கடிதம் எழுதுவது, கூட்டத்துக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவது, காலையிலிருந்து மாலை அஸர்த் தொழுகை வரைக்கும் ரேடியோ செட்டுக்கு முன்னால் இருந்து கடலில் நிற்கிற படகுகளோடு கதைப்பது, மூன்றும் என் வேலை. சங்கத்துக்கு எதிர் வீடு ராத்தாவின் உம்மாவின் வீடு. வெளிநாட்டில் பெரிய படிப்பெல்லாம் படித்து அங்கேயே வேலையும் பார்த்தவர், உம்மாவுக்குச் சுகமில்லை என்று வந்தார். உம்மா மௌத்தான பிறகு அந்த வீட்டோடு இருந்துவிட்டார். இணையத்தில் ஏதோ வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்தார். என்ன வேலை என்று தெரியாததால் ஊர் அவருக்கு வேலையில்லை என்று முடிவு செய்திருந்தது.

ஒருநாள் கேட்டேன். "அம்ப் எவ்வளவு பொய் சொல்லும் எண்டு கணக்குப் போடுற வேல" என்றார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். போனுக்குள்ளும் ரேடியோவுக்குள்ளும் சத்தத்தைப் பெருப்பிக்கிற, அம்ப் என்கிற சின்னச் சின்னச் சாமான்கள் இருக்கின்றன. மெல்லிய சத்தத்தைக் கொடுத்தால் அதே வடிவத்தில் பெரிதாக்கித் தரும். தாங்குகிற அளவுக்கு மேல் கொடுத்தால் வளைத்துவிடும், கொடுக்காத ஒன்றையும் புதிதாக உண்டாக்கிச் சேர்த்துவிடும். எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு வளைக்கும் என்பதை ராத்தா சமன்பாடாக எழுதிக் கொடுப்பார். கம்பனிக்காரர்கள் அந்தச் சாமானைச் செய்வதற்கு முன்பே அதன் குணத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

"மாப்பிள்ளைக்கு விசாரிக்கிற மாதிரி" என்றேன்.

"ஓம். ஆனா அதில ஒருத்தரும் அளந்து பாக்கிறல்லயே" என்றார் ராத்தா.

அதைச் சும்மா சொல்லவில்லை. அடுத்த மாதமே அவரைப் பெண் பார்க்க நிந்தவூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் உம்மா மிகவும் மரியாதையாகக் கேட்டார். "புள்ள படிச்ச புள்ள. எங்கட மகனோட அனுசரிச்சிப் போவீங்கதானே?"

ராத்தா யோசித்துப் பதில் சொன்னார். "சின்னச் சின்ன விசயத்தில நேராத்தான் போவன் மாமி. கொஞ்சம் அமத்தினா வளைவன். அதுக்கு மேல அமத்தினா என்ன ஆவன் எண்டு இன்னும் அளந்து பாக்கல்ல."

வந்தவர்கள் சர்பத்தைக் குடிக்காமல் எழும்பிப் போனார்கள். ராத்தாவுக்கு அது ஏன் என்று விளங்கவேயில்லை. "மெய்யத்தானே சொன்னன்?" என்று என்னிடம் கேட்டார். நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சங்கத்துக்குள் அவர் முதன்முதலாகக் கால் வைத்தது மீன் நிறுக்கிற தராசைப் பார்க்க. அது கொழுக்கியில் தொங்கும் பழைய ஸ்பிரிங் தராசு. பெரிய மீன் கொண்டு வருகிறவர்கள் அதில் நிறை குறைகிறது என்று புறுபுறுப்பார்கள், சின்ன மீன்காரர்கள் அதெல்லாம் பொய் என்பார்கள், இரண்டு பக்கமும் சண்டை. ராத்தா நாற்பது தண்ணீர்ப் போத்தல்களில் தலா ஒரு லீட்டர் நிரப்பி ஒரு சாக்கோடு வந்தார். ஒவ்வொன்றாகக் கட்டித் தொங்கவிட்டு, தராசு சொன்னதைக் கொப்பியில் குறித்தார். இருபது போத்தல் வரை தராசு சத்தியவான். அதற்குப் பிறகு கோடு மெல்லச் சரியத் தொடங்கியது. நாற்பது போத்தலைத் தொங்கவிட்டபோது முள் முப்பத்தேழில் நின்றது.

"சின்ன மீனுக்கு இது அவுலியா. சுறாவுக்குக் கள்ளன்" என்று தீர்ப்பளித்தார்.

சங்கத் தலைவர் ஹாஜியாருக்கு முகம் சுருங்கியது. தராசை வாங்கிக் கொடுத்தவர் அவர். "தராசுக்கு வயசு போயிட்டு. நமக்கெல்லாம் வயசு போறல்லயா? இதுக்கென்ன, எறிஞ்சிட்டு வேறொண்டு வாங்குவம்" என்றார் எரிச்சலோடு.

"எறியத் தேவல்ல ஹாஜியார். எங்க வளையுது எண்டு தெரிஞ்சாப் போதும்" என்று சொல்லி, தான் வரைந்த வளையியைத் தராசுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். தராசு முப்பத்தேழு என்றால் தாளைப் பார்த்து நாற்பது என்று எழுத வேண்டும். சண்டை அன்றோடு நின்றது. அந்தத் தராசு இன்றும் அங்கேதான் தொங்குகிறது, பொய்யும் சொல்கிறது, யாரும் அதைக் கோபிப்பதில்லை.

கல்யாண வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுந்தெருவிலேயே, ஒரு கல்யாணம். ஸ்பீக்கர்காரர் அம்ப்பின் குமிழை முடிந்த மட்டும் திருகி வைத்திருந்தார். அறிவித்தல் சொல்பவர் என்ன சொல்கிறார் என்று மாப்பிள்ளைக்கும் விளங்கவில்லை. ராத்தா எழும்பிப் போய், யாரையும் கேட்காமல் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். "அது ஏலாம கத்துது தம்பி. அதுட அளவுக்குக் கதைக்க விடுங்க" என்றார். உடனே ஒவ்வொரு சொல்லும் கண்ணாடி போலத் தெளிவாகக் கேட்டது. முதலில் தெளிவாகக் கேட்ட வசனம், "மாப்பிள்ள வீட்டாக்கள் முதல்ல சாப்பிடட்டும், பொண்ணு வீட்டாக்கள் கொஞ்சம் பொறுங்க" என்பது. அதுவரை யாருக்கும் ஒன்றும் விளங்காததால் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை.

இனி ஜின்னின் கதைக்கு வருகிறேன்.

ஒரு மாரி முடிந்து வெயில் பிடிக்கத் தொடங்கிய நாட்கள். சங்கத்து ரேடியோவில் படகுகள் கதைக்கும்போது இடையில் ஒரு குரல் புகுந்தது. ஒரு குரல் என்றா சொன்னேன்? இரண்டு பேர் ஒரே வாயால் கதைப்பது போல இருக்கும். ஒன்று சீலையைக் கிழிப்பது போலப் பெருத்த குரல், அதற்குள்ளே சாதாரணமான இன்னொரு குரல். "ஐஸ் இருவது... கியூப்... மூணு... லொறி... கட்டி... மணல்..." என்று புரண்டு வரும். அது வந்தால் படகுக்காரர் கதைப்பது ஒரு சொல்லும் கேட்காது. மழை பெய்தால் வராது. வெயில் ஏறினால் வரும்.

குரல்கள் யாருடையவை என்பது ஊருக்கே தெரியும். ஒன்று ஐஸ் தொழிற்சாலைக்காரருடையது, மற்றது லொறிகளில் மணலைக் கியூப் கணக்கில் அளந்து ஏற்றி விற்கிறவருடையது. இருவரும் தங்கள் லொறிகளோடு கதைக்க ரேடியோ வைத்திருந்தார்கள். போய்க் கேட்டால் இருவரும் தங்களுக்குத் தந்த சனலில்தான் கதைப்பதாகக் கடதாசியைக் காட்டினார்கள். கடதாசி சரியாகத்தான் இருந்தது.

ஹாஜியார் புது செட் வாங்கினார். ஜின் அரை நாளில் புது செட்டுக்குக் குடிவந்தது. இன்னொன்று வாங்கினார். அதற்குள்ளும் வந்தது. கடைசியில் லெப்பையை அழைத்து வந்து ஓதிப் பார்த்தார்கள். லெப்பை கண்ணை மூடி ஓதி, செட்டின் மேல் ஊதிய அதே நொடியில் செட் அவரிடம் "மூணு கியூப் மணல்!" என்று கேட்டது. லெப்பை கண்ணைத் திறந்தார். "இது ஜின் இல்ல ஹாஜியார். ஜின்னுக்கு என்னத்துக்கு மணல்?" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தார்.

நான் ராத்தாவைக் கூட்டி வந்தேன்.

ராத்தா ஒரு முழுக் காலை செட்டுக்கு முன்னால் கன்னத்தில் கைவைத்தபடி இருந்தார், கல்யாண வீட்டில் பாட்டுக் கேட்பதுபோல ஆனந்தமாக. பிறகு கேட்டார். "ஐஸ்காரர் தனியாக் கதைக்கக்குள்ள வருதா? மணல்காரர் தனியாக் கதைக்கக்குள்ள வருதா?"

இரண்டிலும் வரவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் கதைத்தால்தான் வந்தது.

"கேளுங்க. மணல்காரர்ட குரல் ரெண்டு மடங்கு பெருத்துக் கிழியுது. ஐஸ்காரர்ட குரல் சும்மா கிடக்கு. விளங்குதா புள்ள?"

"இல்ல ராத்தா."

"மணல்காரர்ட மீடிறன, அதான் அலை துடிக்கிற வேகத்த, ரெண்டு தரம் எடுத்து, அதில ஐஸ்காரர்ட மீடிறன ஒரு தரம் கழிச்சா எங்கட சனல் வருது. எங்கயோ ஒரு வளைஞ்ச சாமான் இவங்க ரெண்டு பேரையும் சேத்துப் பெருக்கி மூண்டாவதா ஒராளைப் பெத்து விடுது. ரெண்டும் ஒண்டும் மூண்டு. மூண்டாம் அடுக்கு. கியூப்தான் பிரச்சின."

ஹாஜியார் மேசையில் அடித்தார். "நான் அண்டைக்கே சொன்னன்! கியூப்காரன்தான்! மணல் கியூப்காரன்தான்!"

ராத்தா அவருக்கு எக்ஸை எக்ஸால் பெருக்கி மறுபடியும் எக்ஸால் பெருக்குவது பற்றி விளக்கினார். ஹாஜியார் முழுவதும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, அவனுக்கு எத்தின கியூப்?" என்று கேட்டார்.

ராத்தா வீட்டுக்குப் போய்த் தீப்பெட்டி அளவில் ஒரு சாமானையும் மடிக்கணினியையும் கொண்டுவந்தார். அன்டெனாவின் வயரைக் கழற்றி, சாமானை இடையில் பூட்டினார். "இது வாற எல்லாத்தையும் பாதியாக்கும். பேய் செட்டுக்குள்ள உண்டாகிறதெண்டா அது பாதியாகாது, எட்டில ஒண்டாகும். பாதியப் பாதியால பெருக்கி இன்னொருக்காப் பாதியால பெருக்கிப் பாரு."

விரலை மடக்கிப் பார்த்தேன். எட்டில் ஒன்றுதான்.

"வெளிய உண்டாகி வாறதெண்டா அதுவும் மத்ததுகளப் போலப் பாதியாத்தான் ஆகும்."

திரையில் கோடு சரியாகப் பாதிக்கு இறங்கி நின்றது. "ஹாஜியார், ஒங்கட மூணு செட்டும் சுத்தம். பேய் வெளிய இரிக்கி" என்றார். மூன்று செட்டுக்கு உரிமையாளரான ஹாஜியார் நாடியைத் தடவிக்கொண்டார்.

வெளியே எங்கே? இரண்டு இரும்பு சேருகிற இடத்தில் துருவேறிக் கறள் பிடித்தால் அதுவும் ஒரு வளைந்த சாமான்தானாம். சின்னக் கறண்டை ஒரு மாதிரியும் பெரிய கறண்டை வேறு மாதிரியும் விடுமாம். இரண்டு இரும்பையும் இறுக்கிச் சேர்த்தாலும் மழையில் நனைந்தாலும் அடங்கிவிடுமாம், வெயிலில் காய்ந்தால் மறுபடியும் தொடங்குமாம். எங்கள் ஊரோ கடற்கரை. இங்கே கறள் பிடிக்காத இரும்பு கடைக்கு வந்து இன்னும் பிரிக்காத இரும்பு மட்டும்தான்.

ராத்தா கையில் ஒரு சின்ன ரேடியோவோடும் மறு கையில் ஒரு தடியோடும் ஒழுங்கை ஒழுங்கையாகப் போனார். தகர வேலியில் தட்டுவார், கேட்டில் தட்டுவார், தண்ணீர்த் தாங்கியின் காலில் தட்டுவார், ரேடியோவைக் காதில் வைத்துக் கேட்பார். ஒரு வீட்டுக்காரி தன் கேட்டை விற்பதற்கில்லை என்று சொல்லியனுப்பினார். நாய்கள் ஊர்வலமாகப் பின்னால் வந்தன. "பாவம், உம்மா போன பொறகு புள்ளைக்குத் தல கொழம்பிட்டு" என்று சனங்கள் கதைத்தார்கள். ஒரு கிழமை நடந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த கிழமை அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கறள் எப்படி நடந்துகொள்ளும் என்று சமன்பாடு எழுதி, ஐஸ்காரருடைய, மணல்காரருடைய ரேடியோக் கோபுரங்கள் எவ்வளவு தூரம், பேய் எவ்வளவு பலமாக வருகிறது என்பதையெல்லாம் அதற்குள் போட்டு, அந்தக் கறள் எங்கே இருந்தால் இப்படி வரும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார். ஊர்ப் படத்தில் ஒரு வட்டம் கீறினார். அது முதலில் ஊரளவு இருந்தது. பிறகு எங்கள் ஒழுங்கையளவு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் வரும் நேரம் ராத்தா தெருவைக் கடந்து வந்து, சங்கத்து முற்றத்தில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தார்.

கூரையில் சங்கத்தின் பெயர்ப்பலகை நின்றது. தகரத்தில் செய்தது. அதில் சங்கத்தின் பெயர் சின்னதாகவும் ஹாஜியாரின் சிரித்த முகம் பெரிதாகவும் இருந்தன. பலகையைத் தாங்கிய இரும்புச் சட்டத்திலேயே எங்கள் அன்டெனாவின் கம்பத்தையும் பூட்டியிருந்தார்கள்.

"அதுதான்" என்றார் ராத்தா.

"என்ட போட்டோவால பேய் வருதெண்டு சொல்றீங்களா?" என்று கேட்டார் ஹாஜியார்.

"போட்டோவால இல்ல ஹாஜியார். போட்டோக்குப் பின்னால இரிக்கிற போல்ட்டால."

அடுத்த மாதம் சங்கத்துத் தேர்தல். தேர்தலுக்கு முன்னால் தலைவரின் முகத்தைக் கூரையிலிருந்து இறக்கினால் சனங்கள் என்ன நினைக்கும்? "எலக்சன் முடியட்டும் புள்ள. அதுக்குப் பொறகு நானே கழட்டித் தாறன்" என்றார்.  ராத்தா திரும்பிப் போகும்போது என்னிடம் மட்டும், "இவர் கெட்ட மனுசன் இல்ல. இது அவர் வளையிற எடம்" என்றார்.

ஒரு வியாழக்கிழமை. காலையிலேயே காற்று எழும்பிவிட்டது. கடலுக்குப் போன படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. அதில் நான்கு பேர். ஒருவர் என் காக்கா, என்னோடு கூடப் பிறந்த ஒரே சகோதரன்.

பத்து மணிபோல செட்டில் காக்காவின் குரல் வந்தது. "எஞ்சின் நிண்டிட்டு. அணியத்தில தண்ணி ஏறுது. அள்ளி ஊத்திட்டு இரிக்கம். எடத்தச் சொல்றன், எழுது. ஏழு பாகை..."

பேனையைப் பிடித்தேன். ஜின் வந்தது. "ஐஸ் பதினெட்டு... நாலு கியூப்... இருவத்திரெண்டு..."

"காக்கா, திருப்பிச் சொல்லுங்க!"

"ஏழு பாகை... மணல்... முப்பது கட்டி..."

என் தாளில் இலக்கங்கள் நிறைந்திருந்தன. எது கடல், எது ஐஸ், எது மணல் என்று தெரியவில்லை. கரையில் இரண்டு படகுகள் எண்ணெய் நிரப்பித் தயாராக நின்றன. எங்கே போவது என்று தெரியாமல் அவை எங்கே போவது? ஐஸ் தொழிற்சாலைக்குப் போன் எடுத்தேன். கதைப்பதை நிறுத்துகிறோம் என்றார்கள். நிறுத்தியும் பார்த்தார்கள். ஆனால் தெருவில் நின்ற அவர்களுடைய லொறிக்காரர்களுக்கு அது போய்ச் சேரவில்லை, அவர்கள் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். மணல்காரருக்கு எடுத்தேன். மணியடித்துக்கொண்டே இருந்தது. ரேடியோவில் கதைத்துக்கொண்டிருக்கிற மனிதன் போனை எப்படி எடுப்பான்?

தெருவைக் கடந்து ஓடினேன். "ராத்தா!" என்று இலக்கங்கள் நிறைந்த தாளை நீட்டினேன்.

அவர் கொப்பியை மூடாமலே எழும்பினார். ஒரு ஸ்பெனரைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கு வந்து ஏணியைச் சுவரில் சாய்த்தார். ஹாஜியாரும் செய்தி கேட்டு வந்துவிட்டார். "பொம்புளப் புள்ள கூரையில ஏறுறதா?" என்றார் பழக்கத்தில்.

"அப்ப நீங்க ஏறுங்க ஹாஜியார்."

ஹாஜியார் ஏணியைப் பார்த்தார். ஏணி ஹாஜியாரைப் பார்த்தது. ராத்தா அபாயாவை ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிட்டார்.

மேலே போல்ட்டின் தலையில் ஸ்பெனரை வைத்துத் திருகினார். கறள் தின்ற தலை கழன்று கையோடு வந்தது. இறுக்க இனி ஒன்றுமில்லை. ராத்தா பலகையின் இரும்பையும் சட்டத்தின் இரும்பையும் இரண்டு உள்ளங்கைகளாலும் சேர்த்து, உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டு அமத்தினார்.

ஜின்னின் வாயை யாரோ பொத்தியது போல இருந்தது. காக்காவின் குரல் தனியாக, தெளிவாக வந்தது. "...கேக்குதா? ஏழு பாகை..."

"கேக்குது காக்கா! சொல்லுங்க!"

எழுதினேன். கரைக்கு ஆள் ஓடியது. இரண்டு படகும் புறப்பட்டன.

ஆனால் அதோடு முடியவில்லை. காற்று காக்காவின் படகை இழுத்துக்கொண்டே போனது. கால் மணிக்கொரு தரம் புது இடத்தை வாங்கி, போன படகுகளுக்குச் சொல்ல வேண்டும். ராத்தா கையை எடுத்தால் எல்லாம் போய்விடும். பலகையைக் கழற்றி எறியட்டுமா என்று ஹாஜியார் கீழேயிருந்து கத்தினார், தன் முகத்தைத்தான். "கழட்டினா அன்டெனாவும் சேந்து விழும். இப்ப தொடாதீங்க!" என்று மேலேயிருந்து பதில் வந்தது. ஒரு வாட்டசாட்டமான தம்பி மேலே ஏறி, "விடுங்க ராத்தா, நான் புடிக்கிறன்" என்றான். கை மாறிய நேரத்தில் செட் "அஞ்சு கியூப்!" என்று அலறியது. அவன் பலமாகத்தான் அமத்தினான், ஆனால் எந்தப் பக்கம் அமத்துவது என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. காக்கா சொன்ன இடம் ஒன்று அதில் போயிற்று. ராத்தா அவனைத் தள்ளிவிட்டு மறுபடியும் பிடித்தார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பயத்தில் நான் செட்டின் சத்தத்தை முழுக்கத் திருகியிருந்தேன். கூரையிலிருந்து அதட்டல் கேட்டது. "சத்தத்தக் கொற புள்ள! கொறச்சாத்தான் விளங்கும்!"

வெயில் ஏறியது. தெருவில் சனம் கூடியது. கீழேயிருந்து பார்த்தால் ஹாஜியாரின் சிரித்த முகம் மட்டும் தெரியும், அதற்கு மேலே ராத்தாவின் வியர்த்த முகம். பதினொரு மணிபோல ஹாஜியார் ஒரு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். ஒவ்வொரு படிக்கும் ஒரு கலிமா. உச்சிப் படியில் நின்று குடையை விரித்து ராத்தாவின் தலைக்கு மேல் பிடித்தார். காற்று குடையை உள்வெளியாகப் புரட்டியது. ஹாஜியார் அதைத் திருப்பிச் சரிசெய்து மறுபடியும் பிடித்தார். மறுபடியும் புரண்டது. மறுபடியும் பிடித்தார்.  நடுப்பகல் லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் இருவரும் அப்படியே நின்றார்கள்.

பாங்கு முடிந்த கையோடு செட்டில் குரல் வந்தது. தேடிப் போன படகு. "கண்டிட்டம். நாலு பேரும் இரிக்காங்க. கயிறு போட்டாச்சி." நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். ராத்தா கூரையிலிருந்து, "கையை எடுக்கட்டா புள்ள?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் மேலும் ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அஸருக்கு முன்னால் படகை இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். காக்கா உப்புப் பூத்த முகத்தோடு இறங்கி மணலில் அப்படியே இருந்தார். அன்றே ஹாஜியார் ஆளைக் கூப்பிட்டு, அன்டெனாவுக்குத் தனிக் கம்பம் நட்டு, பலகையைத் தன் கையாலேயே கழற்றினார். பலகை இல்லாமலே தேர்தலில் போட்டியின்றி வந்தார். ஜின் அதன் பிறகு வரவில்லை. ஹாஜியார் இன்றும் வெளியூர் ஆட்களுக்கு இந்தக் கதையைச் சொல்வார். அவருடைய கதையில் குற்றவாளி கியூப்காரன்தான். ஆனால் "எங்கட புள்ள ஒராள் இரிக்கா" என்று தொடங்கித்தான் சொல்வார்.

மறுநாள் காலை ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். வலது கையை முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு இடது கையால் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். வலுக்கட்டாயமாக இழுத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் சட்டத்தின் ஓரம் ஆழமாக வெட்டியிருந்தது. வெட்டுக்குள் கறளின் செம்மஞ்சள் நிறம். கை வீங்கியிருந்தது.

"சின்னக் காயம்தானே" என்றார்.

நான் ஒன்றும் கேட்காமல் ஓட்டோவைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, கறள் பட்டதால் ஊசி போட வேண்டும் என்றார். ராத்தாவின் முகம் வெளுத்தது.

"விழுங்கிற குளிசை இல்லையா டொக்டர்?"

"இல்ல."

"கொஞ்ச அளவில போட ஏலாதா?"

"கண்ண மூடுங்க" என்றார் தாதி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இரண்டு மணித்தியாலம் கொதிக்கிற கூரையில் நின்ற மனுஷி வாங்குப் பலகையில் சின்னப் பிள்ளை போல ஒடுங்கி இருந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "புள்ள, கையப் புடி" என்றார். அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான்.

பிடித்தேன். ஊசி போட்டு, பஞ்சு வைத்து, தாதி அடுத்த ஆளைக் கூப்பிட்டும் விட்டார். ராத்தா கண்ணைத் திறந்து, "முடிஞ்சிட்டா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல ராத்தா" என்றேன்.